உலகத்துலயே நீளமான குகை: மாமத் கேவ் பத்தி அடிக்கடி கேக்குற கேள்விகள்

அமெரிக்காவுல கென்டக்கி மாநிலத்துல இருக்குற மாமத் கேவ் நேஷனல் பார்க்குக்கு நான் ரெண்டு தடவை போயிருக்கேன், போகாத நாள்ல படிச்சிருக்கேன். போய்ட்டு வந்ததுலேர்ந்து நண்பர்கள், சொந்தக்காரங்க எல்லாரும் கேக்குற கேள்விகளைத்தான் இங்க ஒண்ணா சேத்து வச்சிருக்கேன். சிலதுக்கு பதில் ரெண்டு வரியில முடிஞ்சிரும், சிலதுக்கு முடியாது, பொறுத்துக்கோங்க.

இது எங்க இருக்கு, உண்மையிலயே அவ்வளவு நீளமா?

கென்டக்கியோட நடுத்தெற்குப் பகுதி, கிரீன் ரிவர்னு ஒரு ஆறு ஓடுது, அதை ஒட்டுன மேட்டுக்காடுதான் பார்க். மேல பாத்தா சாதாரண காடு, ஓக் மரம், மான், அவ்வளவுதான். அடியிலதான் எல்லாமே. இதுவரைக்கும் அளந்து மேப் போட்டது மட்டும் 426 மைல், அதாவது கிட்டத்தட்ட 686 கிலோமீட்டர். உலகத்துல இதை விட நீளமா அளந்த குகை வேற கிடையாது, இதுக்கு அடுத்து வர்றது மெக்சிகோவுல தண்ணிக்குள்ள மூழ்கிக் கிடக்குற குகைங்க.

ஆனா 686 கிலோமீட்டர்னா நேரா போற சுரங்கப்பாதைனு நினைச்சுக்காதீங்க. பார்க் மொத்தமே சுமார் 53,000 ஏக்கர்தான். அந்த சின்ன இடத்துக்கு அடியில, ஒண்ணுக்கு மேல ஒண்ணா, குறுக்கும் நெடுக்குமா, சிக்கு விழுந்த நூல்கண்டு மாதிரி பாதைங்க கிடக்கு. ஒரு பாதைக்கு நேர் கீழ 20 மீட்டர்ல இன்னொரு பாதை போகும், ரெண்டுக்கும் வழியே இருக்காது.

மாமத் யானை எலும்பு கிடைச்சதாலயா இந்தப் பேரு?

இல்லைங்க. 1800-களோட ஆரம்பத்துல இங்கிலீஷ்ல மாமத்னா ரொம்பப் பெருசுன்னு ஒரு பேச்சுவழக்கு வந்துச்சு, அதை வச்சு வந்த பேரு. உள்ள இருக்குற கூடங்களோட அளவைப் பாத்து வச்சது.

குகை எப்படி உருவாச்சு?

எனக்கு ரொம்பப் பிடிச்ச கேள்வி இது, கொஞ்சம் விரிவா சொல்றேன்.

சுமார் 33 கோடி வருஷத்துக்கு முன்னாடி இந்த இடம் பூமத்திய ரேகைக்குக் கொஞ்சம் தெக்க, வெதுவெதுப்பான ஆழமில்லாத கடலுக்கு அடியில இருந்துச்சு. அந்தக் கடல்ல வாழ்ந்த சிப்பி, பவளம் இதுங்களோட ஓடெல்லாம் அடியில படிஞ்சு படிஞ்சு இறுகி சுண்ணாம்புக்கல் ஆச்சு, 100 மீட்டருக்கு மேல கனம். அப்புறம் கடல் பின்வாங்குறப்ப ஒரு பெரிய ஆறு மணலைக் கொண்டு வந்து அதுக்கு மேல கொட்டுச்சு, அது மணற்கல் ஆச்சு. ஆக கீழ சுண்ணாம்புக்கல், மேல மணற்கல் மூடி. இந்த மூடி இல்லைன்னா இவ்வளவு நீளமான குகை மிஞ்சியிருக்காது, ஏன்னு பின்னாடி சொல்றேன்.

மழைத்தண்ணி காத்துலயும் மண்ணுலயும் இருக்குற கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கிட்டு லேசான அமிலமா மாறிடும். நம்ம வீட்டு சமையல் மேடையில கடப்பா கல் போட்டிருந்தா தெரியும், எலுமிச்சம்பழச் சாறு கொட்டி அப்படியே விட்டுட்டா அந்த இடம் மங்கிப் போய் சொரசொரன்னு ஆயிடும். கடப்பா கல்லும் சுண்ணாம்புக்கல் வகைதான், அதைத்தான் அமிலம் அரிக்குது. மழைத்தண்ணி எலுமிச்சம்பழச் சாறை விட எவ்வளவோ லேசு, ஆனா அதுக்கு லட்சக்கணக்கான வருஷம் டைம் இருந்துச்சு. கல்லுல இருக்குற வெடிப்பு, அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவுல இருக்குற சந்து, இதுல எல்லாம் தண்ணி பூந்து கரைச்சு, முதல்ல விரல் போற அளவு, அப்புறம் ஆள் போற அளவு, கடைசியில பஸ் போற அளவு பாதை ஆயிடுச்சு. இது ஆரம்பிச்சு ஏறத்தாழ 1 கோடி வருஷம் இருக்கும்னு சொல்றாங்க, அதாவது கல்லோட வயசோட ஒப்பிட்டா குகை கைக்குழந்தை.

இப்ப முக்கியமான விஷயம் கிரீன் ரிவர். குகைக்குள்ள ஓடுற தண்ணி எல்லாம் கடைசியில அந்த ஆத்துலதான் போய் சேரணும். ஆறு தன் படுகையை அறுத்துக்கிட்டே கீழ இறங்க இறங்க, நிலத்தடித் தண்ணியும் கூடவே கீழ இறங்கும். பழைய பாதை வறண்டு போயிடும், தண்ணி அதுக்குக் கீழ புதுப் பாதை போட ஆரம்பிக்கும். அப்படித்தான் மாடி மாடியா வந்துச்சு. மேல் மாடி ரொம்ப பழசு, காஞ்சு கிடக்கு, அகலமான ஹால் மாதிரி இருக்கும். அடி மாடியில இன்னிக்கும் எக்கோ ரிவர், ஸ்டிக்ஸ்னு ஆறுங்க ஓடிக்கிட்டிருக்கு, அங்க குகை இப்பவும் வளந்துக்கிட்டுதான் இருக்கு. மேலேர்ந்து கீழ படி இறங்குறப்ப பல லட்சம் வருஷத்தைத் தாண்டி இப்போதைய காலத்துக்கு வர்றோம்னு கைடு சொன்னப்ப எனக்கு உடம்பு சிலிர்த்துருச்சு.

சுறா பல் கிடைச்சதுன்னு கேள்விப்பட்டேன், நிஜமா?

நிஜம்தான். கடலடியில உருவான கல்லுன்னு சொன்னேன்ல, அந்தக் கடல்ல சுறா இருந்துச்சு. குகையோட சுவர்லயும் கூரையிலயும் கல் கரைஞ்சு போக, கரையாத பல்லும் துடுப்பு முள்ளும் வெளிய நீட்டிக்கிட்டு நிக்குது. இதுவரைக்கும் 70-க்கு மேற்பட்ட பழங்கால மீன் இனங்களை இங்க அடையாளம் கண்டிருக்காங்க, சிலது உலகத்துக்கே புது இனம்.

படத்துல பாக்குற மாதிரி தொங்குற கல் எல்லாம் நிறைய இருக்குமா?

இதுல நிறைய பேர் ஏமாந்து போறாங்க, முன்னாடியே சொல்லிடுறேன். பெரும்பாலான இடத்துல இருக்காது. மேல மணற்கல் மூடி இருக்குன்னு சொன்னேன்ல, அது நல்லா ஓடு வேஞ்ச வீடு மாதிரி, ஒழுகாது. தண்ணி சொட்டுனாதான தொங்குகல் வளரும்? சொட்டே இல்லாததால பாதைங்க வெறுமையா, பிரம்மாண்டமா, காஞ்சு நிக்குது, இடிஞ்சு விழாம இவ்வளவு காலம் நின்னதுக்கும் அந்த மூடிதான் காரணம். மூடி அரிச்சுப் போன ஓரத்துல மட்டும் தண்ணி இறங்கி வேலையைக் காட்டியிருக்கு. ஃப்ரோஸன் நயாகரான்னு ஒரு இடம், அருவி அப்படியே கல்லாப் போன மாதிரி இருக்கும், அது அப்படிப்பட்ட ஓரத்துலதான் இருக்கு.

காஞ்ச பகுதியில வேற ஒரு அழகு உண்டு. ஜிப்சம் உப்பு சுவத்துலேர்ந்து சுருண்டு சுருண்டு வெள்ளை இதழ் மாதிரி வெளிய வரும், ஜிப்சம் பூன்னே சொல்றாங்க. தொட்டா உதிர்ந்துடும், தொடாதீங்க.

குகை மூச்சு விடும்னு சொல்றாங்களே?

உள்ள வருஷம் பூரா கிட்டத்தட்ட 12 டிகிரி. வெயில் காலத்துல உள்ள இருக்குற குளிர்ந்த காத்து கனமா இருக்குறதால பழைய வாசல் வழியா வெளிய கொட்டும், படி இறங்குறப்பவே ஏசி ரூம் கதவைத் தொறந்த மாதிரி அடிக்கும். குளிர்காலத்துல இதுக்கு நேர் மாறா வெளிக்காத்தை உள்ள இழுக்கும்.

முதல்ல உள்ள போனது யாரு?

1790-கள்ல ஒருத்தர் அடிபட்ட கரடியைத் துரத்திக்கிட்டுப் போய் வாசலைக் கண்டுபிடிச்சார்னு ஒரு கதை சொல்வாங்க. ஆனா அவருக்கு 4,000 வருஷத்துக்கு முன்னாடியே இந்த மண்ணோட பூர்வகுடி மக்கள் உள்ள போய்ட்டாங்க. காஞ்ச நாணல் தட்டையைக் கட்டுக் கட்டா கட்டி பந்தமா கொளுத்திக்கிட்டு, பல மைல் உள்ள போய் சுவத்துலேர்ந்து ஜிப்சம், அப்புறம் சில உப்பு வகைகளை சுரண்டி எடுத்துட்டு வந்திருக்காங்க. எரிஞ்சு தீந்த நாணல் துண்டு, சுரைக்குடுக்கை, நெய்த செருப்பு எல்லாம் நேத்து போட்ட மாதிரி கிடந்துச்சு, காத்து அவ்வளவு வறட்சி. அவங்க எதுக்கு அந்த ஜிப்சத்தை எடுத்தாங்கன்னு இன்னும் யாராலயும் உறுதியா சொல்ல முடியல. சுமார் 2,000 வருஷத்துக்கு முன்னாடி அவங்க உள்ள போறதை நிறுத்திட்டாங்க.

தொல்லியல் அறிஞர் பாட்டி ஜோ வாட்சன் 1960-கள்லேர்ந்து இங்க வேலை பாத்தாங்க. குகைக்குள்ள காஞ்சு கிடந்த மனுஷ மலத்தையே ஆராய்ஞ்சு, அந்த மக்கள் சூரியகாந்தி விதை, கீரை வகை விதை எல்லாம் பயிர் பண்ணி சாப்பிட்டிருக்காங்கன்னு காட்டுனாங்க. சோளம் வந்து சேர்றதுக்கு முன்னாடியே வட அமெரிக்காவோட கிழக்குப் பக்கத்துல தனியா ஒரு விவசாயம் இருந்துச்சுங்கிறதுக்கு இது பெரிய ஆதாரம்.

1935-ல ஒரு உடலும் கிடைச்சுது. ஜிப்சம் எடுத்துக்கிட்டு இருந்தப்ப பல டன் பாறை சரிஞ்சு மேல விழுந்து செத்துப் போன ஒரு ஆள், 2,000 வருஷத்துக்கு மேல அந்தப் பாறைக்கு அடியிலயே கிடந்திருக்கார். அவரை எடுத்து கண்ணாடிப் பெட்டியில வச்சு பல வருஷம் டூரிஸ்ட்டுக்குக் காட்டுனாங்க, 1970-கள்லதான் நிறுத்துனாங்க. வேலை செய்யுற இடத்துல செத்துப்போன ஒரு மனுஷனை காட்சிப்பொருள் ஆக்குனது எனக்கு இன்னிக்கும் மனசு ஒப்பல.

வெடிமருந்துக்கும் இந்தக் குகைக்கும் என்ன சம்பந்தம்?

1812-ல அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் சண்டை. வெடிமருந்து பண்ண வெடியுப்பு வேணும், அப்ப உலகச் சந்தைக்கு வந்த நல்ல வெடியுப்புல பெரும்பங்கு நம்ம பீகார், வங்காளம் பக்கத்துலேர்ந்து பிரிட்டிஷ்காரங்க கை வழியா போனது, சண்டைக்காரன்கிட்ட போய் எப்படி வாங்குறது? அதனால குகை மண்ணுல இருக்குற நைட்ரேட் பக்கம் திரும்புனாங்க. சுமார் 70 கறுப்பின அடிமைகளை உள்ள இறக்கி வேலை வாங்குனாங்க. மரத்துல பெரிய தொட்டி கட்டி, அதுல மண்ணை ரொப்பி, மேல தண்ணி ஊத்தி விடுவாங்க, ஃபில்டர்ல டிகாஷன் இறங்குற மாதிரி நைட்ரேட் கரைஞ்சு அடியில சொட்டும். அதை வெளிய பம்ப் பண்ணி, விறகுச் சாம்பல் கரைசலோட சேத்துக் காய்ச்சுனா வெடியுப்பு. தண்ணி போக வர மரத்தண்டை நடுவுல குடைஞ்சு பைப்பா மாட்டியிருந்தாங்க.

சண்டை முடிஞ்சதும் விலை விழுந்துச்சு, தொழிலும் படுத்துருச்சு. ஆனா அந்தத் தொட்டியும் மரப் பைப்பும் ரொட்டண்டான்னு சொல்ற பெரிய கூடத்துல இன்னிக்கும் கெடாம நிக்குது. எல்லாரும் கூரையை அண்ணாந்து பாத்து போட்டோ எடுத்துட்டுப் போய்டுறாங்க, நீங்க போனா அந்தத் தொட்டி கிட்ட ஒரு நிமிஷம் நில்லுங்க. கொழுப்பு விளக்கு வெளிச்சத்துல, சம்பளமே இல்லாம, அந்த 70 பேர் வெட்டி சுமந்த மண்ணு அது, அவங்க பேர் கூட நமக்கு முழுசா வந்து சேரல.

ஸ்டீபன் பிஷப் யாரு, ஏன் எல்லா கைடும் அவரைப் பத்தியே பேசுறாங்க?

பேசியே ஆகணும்ங்க. 1838-ல ஃப்ராங்க்ளின் கோரின்னு ஒரு வக்கீல் குகையை 5,000 டாலருக்கு வாங்குனாரு. வாங்கி, தன்கிட்ட அடிமையா இருந்த 17 வயசுப் பையனை கைடா போட்டாரு, அதுதான் ஸ்டீபன் பிஷப். அப்ப வரைக்கும் பாட்டம்லெஸ் பிட்னு ஒரு பெரிய பள்ளம் வழியை அடைச்சுக்கிட்டு இருந்துச்சு, 30 மீட்டருக்கு மேல ஆழம், அதைத் தாண்டி யாரும் போனதில்ல. ஸ்டீபன் அந்தப் பள்ளத்துக்குக் குறுக்க ஒரு ஏணியைப் போட்டு, கையில விளக்கோட, அது மேல தவழ்ந்து அந்தப் பக்கம் போய்ட்டாரு. அதுக்கப்புறம் ஒண்ணு பின்னாடி ஒண்ணா, நிலத்தடி ஆறு, கண்ணே இல்லாத வெள்ளை மீன், மாமத் டோம், மைல் கணக்குல புதுப் பாதைங்க.

அடுத்த வருஷமே டாக்டர் ஜான் க்ரோகன்னு கென்டக்கியோட லூயிவில் நகரத்துக்காரர் குகையை 10,000 டாலருக்கு வாங்குனாரு, ஸ்டீபனையும் சேத்துத்தான். குகையும் மனுஷனும் ஒரே பத்திரத்துல கை மாறுன காலம். 1842-ல ஸ்டீபனை லூயிவில்லுக்குக் கூட்டிட்டுப் போய் மேப் போடச் சொன்னாங்க, அவரு குகையை விட்டு ரொம்ப தூரத்துல உக்காந்து, முழுக்க ஞாபகத்துலேர்ந்து வரைஞ்சாரு. காம்பஸ் கிடையாது, டேப் கிடையாது. 1844-ல அது அச்சுல வந்துச்சு, அவரு பேரோட. ஒரு அடிமையோட பேரைப் போட்டு மேப் அச்சடிக்கிறது அந்தக் காலத்துல லேசுப்பட்ட விஷயமில்ல. அதுக்கப்புறம் பல பத்து வருஷம் எல்லாரும் அதைத்தான் பயன்படுத்துனாங்க, இன்னிய மேப்போட வச்சுப் பாத்தா தூரம் கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும், ஆனா எது எதோட சேருதுங்கிறதை சரியா வரைஞ்சிருக்காரு. அவ்வளவு இருட்டுல நடந்து நடந்து குகை மொத்தமும் அவரு தலைக்குள்ள ஏறியிருக்கு.

எழுதப் படிக்க அவருக்கு யாரும் பள்ளிக்கூடம் வச்சு சொல்லித் தரல. வர்ற பெரிய மனுஷங்க பேரை மெழுகுவர்த்திப் புகையால கூரையில எழுதித் தர்ற பழக்கம் இருந்துச்சு, அதுலேர்ந்தே எழுத்துக் கத்துக்கிட்டாருன்னு சொல்வாங்க. பாறை, வேதியியல் பத்தியெல்லாம் விருந்தாளிங்ககிட்ட கேட்டுக் கேட்டே தெரிஞ்சுக்கிட்டு, அப்புறம் அவங்களுக்கே விளக்கம் சொல்ற அளவுக்கு வந்துட்டாரு.

அவரோட கூட மேட், நிக் பிரான்ஸ்ஃபோர்டுன்னு ரெண்டு பேர், அவங்களும் அடிமைங்க, வருஷத்துக்கு இவ்வளவுன்னு வாடகைக்கு எடுத்து வந்தவங்க. வாடகைப் பணம் முதலாளிக்குப் போகும். மேட்டோட பிள்ளைங்கள்ல சிலரை வேற இடத்துக்கு வித்துட்டாங்க. அதே மேட் தினமும் காலையில வெள்ளைக்கார விருந்தாளிங்களை பத்திரமா உள்ள கூட்டிட்டுப் போய் பத்திரமா வெளிய கொண்டு வந்து விட்டுருக்காரு. நான் ரெண்டாவது தடவை போனப்ப சுவத்துல அவங்க புகையால எழுதி வச்ச பேரைப் பாத்தேன், கைடு லைட்டை அடிச்சு காட்டுனாரு, ரொம்ப நேரம் அங்கேயே நின்னுட்டேன்.

குகைக்குள்ள ஆஸ்பத்திரி நடத்துனாங்களாமே?

ஆமா, பெரிய துயரம். அதே டாக்டர் க்ரோகன், குகைக்காத்து ஒரே சீரா இருக்கு, பிணம் கூட அழுகாம கிடக்கு, அப்ப டிபிக்கு நல்லதா இருக்கும்னு நினைச்சாரு. 1842-ல உள்ளயே மரக்குடிசையும் கல்குடிசையும் கட்டி, பத்துப் பதினஞ்சு நோயாளிங்களைக் குடி வச்சாரு. வெளிச்சம் கிடையாது, சமைக்கிற புகை, விளக்குப் புகை எல்லாம் வெளிய போக வழியில்லாம அவங்க நெஞ்சுக்குள்ளதான் போச்சு. சில பேர் உள்ளயே செத்தாங்க, சில மாசத்துலயே 1843-ல நிறுத்திட்டாங்க. சாப்பாடு தூக்கிட்டுப் போய் கொடுத்தது, பாத்துக்கிட்டது எல்லாம் மறுபடி அடிமைங்கதான். 1849-ல க்ரோகனும் டிபியாலதான் செத்தாரு. கல்குடிசை ரெண்டு இன்னும் நிக்குது.

ஜெர்மன்காரர் போட்ட ரகசிய மேப்?

மாக்ஸ் கெம்பர்னு ஒரு என்ஜினியர் 1908-ல வந்தாரு, எட்டு மாசம் தங்கி, எட் பிஷப்னு கறுப்பின கைடு துணையோட, அவரு ஸ்டீபனோட சொந்தக்காரர், 35 மைல் போல அளந்து அற்புதமா ஒரு மேப் போட்டாரு. ஆனா அந்த மேப்பைப் பாத்தா குகை எங்கெங்க தங்களோட நிலத்தைத் தாண்டிப் போகுதுன்னு பக்கத்து நிலத்துக்காரனுக்குத் தெரிஞ்சுரும், அவன் அங்க ஒரு ஓட்டை போட்டு தனியா டிக்கெட் விப்பான். அதனால முதலாளிங்க வெளிய விடாம வச்சுக்கிட்டாங்க. அவங்க பயந்தது நியாயம்தான், 1921-ல அதேதான் நடந்துச்சு, ஒருத்தர் எல்லைக்கு வெளிய பாறையை வெடி வச்சுப் பொளந்து புது வாசலே தொறந்துட்டாரு. ரோட்டுல காரை மறிச்சு டூரிஸ்ட்டை இழுக்குறது, எதிரி குகை இடிஞ்சு போச்சுன்னு பொய் சொல்றதுன்னு பெரிய போட்டியே நடந்துச்சு.

ஃப்ளாய்ட் காலின்ஸ் கதை என்ன?

அந்தப் போட்டிதான் அவரையும் பலி வாங்குச்சு. அவரு பக்கத்து ஃபிளின்ட் ரிட்ஜ்ங்கிற மேட்டுல விவசாயக் குடும்பம். 1917-ல தங்களோட நிலத்துலயே கிரிஸ்டல் கேவ்னு அருமையான குகையைக் கண்டுபிடிச்சாரு, ஆனா மெயின் ரோட்டுலேர்ந்து தூரம், யாரும் வரல. ரோட்டுக்குப் பக்கமா வேற வாசல் தேடி சாண்ட் கேவ்ங்கிற ஒடுக்கமான பொந்துக்குள்ள 1925 ஜனவரி 30-ம் தேதி தனியா இறங்குனாரு. திரும்பி வர்றப்ப ஒரு கல் புரண்டு கால் மேல விழுந்து மாட்டிக்கிச்சு. கல்லு வெறும் 12 கிலோதான் இருக்கும், ஆனா குனிஞ்சு எடுக்க இடமில்ல, கை ரெண்டும் உடம்போட ஒட்டி நெருக்கிக்கிட்டு கிடந்தாரு.

ஸ்கீட்ஸ் மில்லர்னு ஒல்லியான ஒரு பத்திரிகைக்காரர் திரும்பத் திரும்ப தவழ்ந்து உள்ள போய், சாப்பாடு ஊட்டி, பேசி, எழுதுனாரு, அதுக்கு அப்புறம் புலிட்சர் பரிசு கிடைச்சுது. நாடு முழுக்க பேப்பர், ரேடியோன்னு இதே பேச்சு, மேல ஆயிரக்கணக்குல கூட்டம். நடுவுல பாதை இடிஞ்சு விழுந்து தொடர்பு போச்சு, பக்கத்துலேர்ந்து குழி தோண்டி பிப்ரவரி 16-ம் தேதி எட்டுனப்ப உயிர் இல்ல.

அதோட விடலங்க. பிற்பாடு கிரிஸ்டல் கேவை வாங்குனவர் ஃப்ளாய்டோட உடலைக் கண்ணாடி மூடி போட்ட சவப்பெட்டியில குகைக்குள்ளயே வச்சு டிக்கெட் போட்டாரு. 1929-ல உடலை யாரோ திருடுனாங்க, திரும்பக் கிடைச்சப்ப ஒரு காலைக் காணோம். 1989-லதான் சர்ச் கல்லறைத் தோட்டத்துல ஒழுங்கா அடக்கம் பண்ணுனாங்க.

பார்க் எப்ப ஆச்சு?

1926-ல அமெரிக்க காங்கிரஸ் அனுமதி குடுத்துச்சு, 1941 ஜூலை 1-ல முறையா பார்க் ஆச்சு. 1981-ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய இடம். நடுவுல நடந்ததை யாரும் அதிகம் சொல்றதில்ல. அங்க நூத்துக்கணக்கான குடும்பம் விவசாயம் பண்ணிக்கிட்டு இருந்துச்சு, நிலத்தை வாங்குனாங்க, குடுக்காதவங்ககிட்ட சட்டப்படி எடுத்துக்கிட்டாங்க. காட்டுக்குள்ள இன்னிக்கும் மூணு பழைய சர்ச்சும் நிறைய கல்லறையும் இருக்கு, வம்சாவளி வந்து பூ வச்சுட்டுப் போறாங்க. நூறு வருஷமா தலைமுறை தலைமுறையா கைடா இருந்த பிரான்ஸ்ஃபோர்டு குடும்பத்துக்கும் பார்க் வந்ததும் வேலை போச்சு. 2000-களோட ஆரம்பத்துலதான் அந்தக் குடும்பத்து வாரிசு ஒருத்தர் மறுபடியும் கைடா உள்ள வந்தாரு.

1972-ல என்ன கண்டுபிடிச்சாங்க?

குகை ஆட்களோட எவரெஸ்ட்டே அதுதான். ஃபிளின்ட் ரிட்ஜுக்கு அடியில ஒரு பெரிய குகைத் தொடர், பள்ளத்தாக்குக்கு இந்தப் பக்கம் மாமத் கேவ். ரெண்டும் எங்கயோ ஒட்டணும்னு எல்லாருக்கும் சந்தேகம். 1957-ல ஆரம்பிச்ச கேவ் ரிசர்ச் ஃபவுண்டேஷன்ங்கிற தன்னார்வக் குழு வருஷக்கணக்கா அளந்துக்கிட்டே வந்துச்சு. 1972 கோடையில பாட்ரிசியா க்ரௌத்தர்ங்கிற கம்ப்யூட்டர் புரோகிராமர் அம்மா, மத்தவங்க நுழைய முடியாத ஒரு இடுக்குல உடம்பைத் திணிச்சு அந்தப் பக்கம் போனாங்க. அடுத்தடுத்த டிரிப்ல அந்த வழியா போய், சேத்துச் சுவத்துல ஒரு பேரைப் பாத்தாங்க, பீட் ஹெச், கூடவே ஒரு அம்புக்குறி. பீட் ஹான்சன் 1930-கள்ல மாமத் கேவ் பக்கமிருந்து போன ஆள்! அப்ப இந்த வழி அங்கதான் போகுது.

செப்டம்பர் 9-ம் தேதி ஜான் வில்காக்ஸ் தலைமையில ஆறு பேர் போனாங்க. மணிக்கணக்கா தவழ்ந்து, கழுத்து வரைக்கும் குளிர்ந்த தண்ணி, கூரைக்கும் தண்ணிக்கும் நடுவுல மூஞ்சி மட்டும் வெளிய. முன்னாடி போன வில்காக்ஸோட லைட் வெளிச்சத்துல ஏதோ நேர்கோடா ஒண்ணு தெரிஞ்சுது. டூரிஸ்ட் பாதையோட கைப்பிடிக் கம்பி. எத்தனையோ ஆயிரம் பேர் பிடிச்சுக்கிட்டு நடந்த அந்தக் கம்பியை, தண்ணிக்குள்ளேர்ந்து அவங்க பிடிச்சாங்க. ரெண்டும் சேந்து 144.4 மைல், அன்னிக்கே அது உலகத்துல நீளமான குகை. வெளிய வந்தது டூரிஸ்ட் லிஃப்ட்ல, சேறும் சகதியுமா.

அப்பல்லாம் அவங்களோட சர்வே கணக்கை கம்ப்யூட்டர்ல போட்டவரு பாட்ரிசியாவோட கணவர் வில் க்ரௌத்தர். அவரு பின்னாடி இந்தக் குகையோட ஒரு பகுதியை மனசுல வச்சு எழுதுன ப்ரோகிராம்தான் முதல் டெக்ஸ்ட் அட்வென்ச்சர், அதாவது படம் இல்லாம எழுத்துலயே விளையாடுற கம்ப்யூட்டர் கேம்.

அப்புறம் எப்படி 426 மைல் ஆச்சு? இன்னும் மிச்சம் இருக்கா?

இருக்கு. 1983-ல பார்க்குக்கு வெளிய இருந்த ரோப்பல் கேவ் வந்து ஒட்டுச்சு, அப்புறம் வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமா. மூணு நாலு பேர் டீமா போவாங்க, ஒருத்தர் டேப், ஒருத்தர் காம்பஸ், ஒருத்தர் நோட்டுல படம் வரைவாங்க. ஒரு புள்ளியிலேர்ந்து அடுத்த புள்ளிக்கு தூரம், திசை, சாய்வு, இதே வேலைதான் நாள் பூரா, குளிர்ல, முட்டி தேய. புதுப் பாதை கிடைச்சா ஓடிப் பாக்குறது கிடையாது, அளந்துக்கிட்டேதான் போகணும்ங்கிறது அவங்க கட்டுப்பாடு. காசு வாங்காம லீவு போட்டு வந்து பண்றாங்க, அதை நினைச்சா எனக்குப் பெரிய மரியாதை.

உள்ள என்ன உயிரினம் இருக்கு? வௌவால் நோய்னு படிச்சேன்.

கண்ணில்லாத மீன், கண்ணில்லாத கூனி, அதாவது கென்டக்கி குகை இறால், அழியுற ஆபத்துல இருக்கு. வௌவாலுக்கு வந்தது ஒயிட் நோஸ்ங்கிற பூஞ்சை நோய், 2013-ல இந்தப் பார்க்குல உறுதியாச்சு, குளிர்காலத் தூக்கத்துல இருக்குற வௌவாலை எழுப்பி எழுப்பி பட்டினியில சாக வைக்கும். டூர் முடிஞ்சு வெளிய வர்றப்ப சோப்புத் தண்ணி ஊறுன மேட் மேல நடந்து வரச் சொல்வாங்க, அது அந்தப் பூஞ்சையை செருப்புல வேற குகைக்குக் கொண்டு போகாம இருக்க. வேற குகைக்குப் போட்டுட்டுப் போன ஷூவைப் போட்டுட்டுப் போகாதீங்க, தயவு செஞ்சு.

தண்ணி பத்தியும் ஒண்ணு சொல்லணும். சுண்ணாம்புக்கல் பூமியில மேல ஊத்துறது வடிகட்டாம அப்படியே குகைக்குப் போயிடும். பக்கத்து ஊர் ஹார்ஸ் கேவ்ல ஹிடன் ரிவர் கேவ்னு ஒண்ணு, ஊர்ச் சாக்கடையும் பால் பண்ணைக் கழிவும் கலந்து நாறிப் போய் 1943-ல மூடியே போட்டாங்க. 1989-ல ஒழுங்கா சுத்திகரிப்பு வந்தப்புறம் தண்ணி தெளிஞ்சு, மீனும் திரும்பி வந்து, 1993-ல தொறந்தாங்க.

குழந்தை, பெரியவங்களோட போகலாமா?

தாராளமா. பார்க்குக்கு நுழைவு இலவசம், குகை டூருக்குத்தான் டிக்கெட், கோடையில முன்னாடியே புக் பண்ணிடுங்க. முட்டி வலி இருக்குற அம்மா அப்பாவுக்கு ஃப்ரோஸன் நயாகரா டூர், நடை கம்மி. ஹிஸ்டாரிக் டூர்னா 2 மைல், 500-க்கு மேல படி, ஆனா மேல சொன்ன தொட்டி, பாட்டம்லெஸ் பிட் எல்லாம் அதுலதான். வைல்ட் கேவ் டூர் ஆறு மணி நேரம் தவழணும், மார்பு அல்லது இடுப்பு 42 இன்ச்சுக்கு மேல இருந்தா விட மாட்டாங்க. ஸ்வெட்டர் எடுத்துக்கோங்க.

ஸ்டீபன் பிஷப் கடைசியில என்ன ஆனாரு?

க்ரோகன் உயில்ல, தான் செத்து ஏழு வருஷம் கழிச்சு அடிமைங்களுக்கு விடுதலைன்னு எழுதியிருந்தாரு. 1856-ல ஸ்டீபனுக்கு விடுதலை கிடைச்சுது. மனைவி சார்லட்டையும் பையனையும் கூட்டிக்கிட்டு ஆப்பிரிக்காவுல லைபீரியாவுக்குப் போய்டணும்னு ஆசையா சொல்லிக்கிட்டு இருந்தாரு. அடுத்த வருஷமே, 1857-ல, 37 வயசு வாக்குல செத்துப் போனாரு, என்ன காரணம்னு பதிவு இல்ல.

பழைய வாசலுக்குக் கிட்ட ஓல்ட் கைட்ஸ் கல்லறைன்னு ஒரு சின்ன இடம், விசிட்டர் சென்டர்லேர்ந்து நடந்தே போகலாம். பல வருஷம் அவரு தலைமாட்டுல கல்லே இல்ல. அந்தப் பக்கம் வந்துட்டுப் போன ஒரு பணக்காரர் வருத்தப்பட்டு 1881-ல ஒரு கல் அனுப்பி வச்சாரு. வேற யாருக்கோ, ஒரு உள்நாட்டுப் போர் சிப்பாய்க்குச் செதுக்குன கல்லை வாங்கி, அந்தப் பேரை அழிச்சுட்டு, அது மேல இவரு பேரை வெட்டியிருக்காங்க. முதல் கைடு, மாமத் கேவை ஆராய்ஞ்சவருன்னு எழுதியிருக்கு. செத்த வருஷம் மட்டும் தப்பா 1859-னு இருக்கு, இன்னிக்கும் அப்படியேதான் நிக்குது.